பகல் கொசுவலை

அத்ரூப் அண்ணன் அன்று கொண்டுவந்த நாற்பத்தொரு கொசுக்களில் பத்தொன்பது பெண் கொசுக்கள் தேறின. பனித்தட்டில் பரப்பி, உருப்பெருக்கியின் கீழ் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டி, டெங்கு பரப்பும் கொசுவின் அடையாளமான வெள்ளை வளையம் காலில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆண் கொசு கடிக்காது என்பதால் தனியே ஒதுக்கிவிடுவேன். "ஆம்பளைங்களுக்கு இங்க மரியாதையே இல்ல தங்கச்சி" என்பார் அவர், ஆய்வுக்கூட வாசலில் நின்றபடி. போர்ட் சூடான் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனபிறகு இந்த வேலைக்கு வந்தவர். வீடு வீடாகப் போய்க் கட்டிலடியிலும் தொங்கும் துணிகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும் கொசுக்களை ரப்பர் குழாயால் உறிஞ்சிப் பிடிப்பார். இனி இவருக்குக் கல்யாணம் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தபோது, நாற்பத்தாறு வயதில் ரவுதாவைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு இப்போது ஏழு மாதம்.

அன்றைய கொசுக்கள் அவர் தெருவில் நான்கு வீடுகளில் பிடித்தவை. அதில் ஒன்று அவர் வீடு. பத்தொன்பதையும் ஒரே குப்பியில் போட்டு அரைத்து, சாறெடுத்து, கிருமி இருந்தால் காட்டிக்கொடுக்கும் இயந்திரத்தில் வைத்தேன். இருபத்து நான்காவது சுற்றில் திரையில் கோடு மேலே ஏறியது. மிச்சமிருந்த சாற்றை எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் ஏறியது. பத்தொன்பதில் ஒன்றிலாவது டெங்கு இருக்கிறது. எந்த வீட்டுக் கொசு என்று இனிச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்தவள் நான்தான்.

மருந்தடிப்பவர்களுக்குப் போன் செய்தேன். நாளை மறுநாள் வருவதாகச் சொன்னார்கள். பிறகு வாசலுக்கு வந்தேன்.

"அண்ணே, உங்க தெருதான்."

அவர் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார். "எந்த வீடு?"

"தெரியாது."

"என் வீடுன்னே சொல்லிடு தங்கச்சி. அப்பவாச்சும் அவ பீப்பாயைத் தொட விடுவா."

எங்கள் ஊரில் தண்ணீர் கழுதை வண்டியில் வரும். வரும் நாள் வண்டிக்காரனுக்கே தெரியாது. சேர்த்துவைத்த தண்ணீரைக் கொட்டச் சொல்லி எந்த வீட்டில் கேட்டாலும் எங்களுக்குத் திட்டுதான் கிடைக்கும். ரவுதாவும் விதிவிலக்கில்லை. "பீப்பாயக் கவுத்தா, உங்களயும் சேத்துக் கவுப்பேன்" என்று முன்பே அவரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

நாங்கள் போனபோது முற்றத்தில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். நான் பீப்பாயிலிருந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு அவள் முன்னால் வைத்தேன். புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன. கிண்ணத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள்.

"ஊரான் வீட்டுப் பீப்பாய எல்லாம் எட்டிப் பாக்குற மனுஷன், இதப் பாக்கலயா?"

"பாத்தேன். உன்னையும் பாத்தேன். வாய மூடிக்கிட்டேன்."

"கொட்ட வேணாம் ரவுதா," என்றேன். "வடிகட்டிக்கலாம். ஆனா உட்புறத்த நல்லாத் தேய்க்கணும். முட்டை சுவத்துல ஒட்டியிருக்கும்."

அவள் உள்ளே போய்த் தன் பழைய வெள்ளை மேலாடையை எடுத்துவந்து நான்காகக் கிழித்தாள். ஒன்றை வைத்துக்கொண்டாள். மூன்றை எடுத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். நான் பத்து நாள் பேசினாலும் திறக்காத மூடிகள் பொழுது சாய்வதற்குள் திறந்தன. பெண்கள் பீப்பாய்க்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டே ஒருவரை ஒருவர் கேலி பேசினார்கள். அத்ரூப் அண்ணன் வாளி தூக்கினார். முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன். கண்ணுக்குப் பின்னால் குடைகிறது என்றார். மருத்துவமனையில் ரத்தம் பார்த்து டெங்கு என்றார்கள். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் கவனம் வேண்டும் என்றார்கள்.

நண்பகலில் போனேன். முற்றத்து நிழலில், நான் போனில் சொன்னபடியே, வலைக்குள் படுத்திருந்தார். ரவுதா வெளியே காப்பி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"கொசு கடிக்கக் கூடாதுன்னா நான்ல உள்ள இருக்கணும்? நீங்க இவர அடைக்கச் சொன்னீங்களேக்கா."

"இது பகல்ல கடிக்கிற கொசும்மா. இவரக் கடிச்சதுன்னா, ஒரு வாரம் பத்து நாள்ல அதுவே உனக்கும் காய்ச்சலக் கொண்டுவந்து குடுத்துடும். நீயும் வலைக்குள்ளதான் இருக்கணும். சாயங்காலம் இன்னொண்ணு கொண்டாரேன்."

"ஒரு வருஷமா ஒவ்வொரு கொசுவாப் புடிச்சேன்," என்றார் அவர் உள்ளிருந்து. குரல் உலர்ந்திருந்தது. "கடைசில என்னையப் புடிச்சுப் போட்டுட்டீங்க."

ரவுதா சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே நின்று, கை வயிற்றுக்குப் போனது. "உதைக்குது," என்றாள்.

அவர் ஒருக்களித்து, உள்ளிருந்தே வலையில் உள்ளங்கையை வைத்தார். அவள் எழுந்து, மெல்ல நடந்து, அந்தக் கைமேல் வயிற்றைச் சாய்த்தாள். வலையில் தோல் பட்டால் அதன் வழியாகவே கொசு கடிக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அங்க இல்ல. கொஞ்சம் கீழ," என்றாள் அவள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கையைக் கீழே நகர்த்தினார். அடுப்பருகே கிடந்த ஓலை விசிறியை எடுத்துக்கொண்டு நான் அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். அந்தக் கைமேலும் வயிற்றின்மேலும் எதுவும் வந்து உட்காராதபடி விசிறிக்கொண்டே இருந்தேன்.