புவியியலும் புள்ளியியலும்

நான்காயிரத்து முந்நூற்று ஐம்பது மலேசிய வெள்ளி. என் மகள் சுபாஷினியின் பல்கலைக்கழக முன்படிப்புக்கு, மனைவியின் அண்ணன் சிவநேசன் கொடுத்த கடன். அதை அவர் திருப்பிக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அவள் எதைப் படிப்பது என்பதைத் தானே முடிவு செய்யப்போவதாகச் சொன்னார்.

அவள் விண்ணப்பிக்க இருந்தது இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் பட்டம். விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாள். கடன்பட்டவன் சொல்லாமல் செய்யக்கூடாது என்று, காலையில் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிவிட்டு, குருணிலிருந்து மனைவி மருதம்மாளோடும் மகளோடும் பஸ் ஏறி, அலோர் ஸ்டாரில் இருக்கும் அவருடைய இரும்புக் கடைக்குப் போனேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"கணக்கியலும் சட்டமும். அவ்வளவுதான். என் கடைக் கணக்கு, கேசு ரெண்டையும் பாத்துக்குவா."

"எனக்குப் புவியியலும் புள்ளியியலும் வேணும் மாமா," என்றாள் சுபாஷினி. "ஆத்துல தண்ணி எப்ப ஏறும்னு முன்கூட்டியே சொல்ற வேலைக்குப் போகணும்."

"மழைய எண்ண டிகிரியா? வெளிய நின்னு எண்ணு லா."

"போன வருசம் கடைக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி வந்துச்சே. அப்ப வக்கீலயா கூப்டீங்க?"

பெயிண்ட் வாங்க வந்த இருவர் சிரித்தார்கள். மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"நாப்பது வயசுல ஆனா ஆவன்னா படிச்ச ஆளு நீங்க, மாப்ள. உங்களுக்கு என்ன தெரியும்? காசு குடுத்தவன் சொல்றத கேளுங்க. இல்லன்னா இன்னைக்கே டூயிட்ட, குடுத்த காசு மொத்தத்தையும், வைங்க."

"மாசா மாசம் குடுத்துர்றேன்," என்றேன்.

"மாசா மாசமா?" அவர் பெயிண்ட்காரர்களைப் பார்த்தார். "இவ சடங்குக்குத் தாய்மாமன் சீரா மூணு பவுன் சங்கிலி போட்டவன் நான். தோட்டமே பாத்துச்சு. எனக்கு உரிமை இல்லையா?"

மருதம்மாள் முன்னால் வந்தாள். மகள் கழுத்துச் சங்கிலியை விரலால் தூக்கிக் காட்டினாள்.

"இதுவாண்ணே? அன்னைக்கு நீங்க ஒரு சீப்பு வாழப்பழத்தோட வந்து நின்னீங்க. உங்க மானம் போவக்கூடாதுன்னு என் கூட்டுச் சீட்டுக் காச எடுத்து நான் வாங்குனது. நீங்க போட்டதா ஊருக்குச் சொன்னேன். வாங்குன நகைக் கடை நாலு கட்டடம் தள்ளித்தான் இருக்கு. போய்க் கேப்போமா?"

யாரும் சிரிக்கவில்லை.

"குடும்ப விசயத்தக் கடையில பேசுறியே, வெக்கமா இல்ல?"

"நீங்கதான ஆரம்பிச்சீங்க."

சுபாஷினி கைப்பேசியைக் கல்லா மேசைமேல் வைத்து, புவியியல், புள்ளியியல் என்று இரண்டையும் தேர்ந்தெடுத்து அனுப்பினாள். அவர் தடுக்கவில்லை.

"கெளம்புங்க. இனிமே என் வாசல மிதிக்காதீங்க."

"அந்தக் கடன..." என்று ஆரம்பித்தேன்.

"சீருக்குச் சரியாப் போச்சு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ஒரு காசும் வேணாம்."