ஆறின இட்லி

“உங்க மகன்தான் அனுப்பினார், ஆன்ட்டி. அம்மா கடைக்குப் போ, அங்க சூடா இருக்கும்னார்.”

அன்னமேரியின் கையிலிருந்த சட்னிக் கரண்டி அப்படியே நின்றது.

மும்பை தாராவியில், ரோட்டோரம் ஒரு அடுப்பும் ஒரு பெஞ்சும்தான் அவள் கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜுவைரியாவுக்குக் காயல்பட்டினம். முதுகுப்பையோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவள். ஹோட்டலுக்குள் நுழையாமல், தெருவில் மலிவாகக் கிடைப்பதைத்தான் தேடித் தின்பாள்.

“வடாபாவ் தின்னு தின்னு வயிறே பாவ் ரொட்டி ஆயிருச்சு ஆன்ட்டி. அப்பதான் அவரைப் பாத்தேன்.”

“எங்கன?”

“மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன் பாலத்துப் பக்கம். சைக்கிள்ல இட்லிப் பானை, தலையில பச்சைத் தொப்பி. ரெண்டு இட்லி கேட்டா தரவே மாட்டேன்னுட்டார்.”

“பானை காலியா?”

“எங்க காலி! மூடியத் தூக்கியே காட்டினார், நிறைய இருந்துச்சு. ‘ஆறிப்போச்சு, வெளியூர்க்காரங்களுக்குத் தந்தா அம்மா ஏசும்’னார்.”

அடுப்படியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த மகள் ஜெனிஃபர் நிமிர்ந்து பார்த்தாள். போன வாரமும் ஒருவர் இதையே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

“யம்மா, எவனோ ஒரு சைக்கிள்காரன் நமக்கு கஸ்டமர் அனுப்புதான். நல்லதுதான? சும்மா காலிபீலி டென்ஷன் எடுக்காத.”

“தன் பானையில இட்லிய வச்சிக்கிட்டு அடுத்த கடைக்கு ஆள் அனுப்புத கிறுக்கன் எவன்ட்டி?”

ஜெனிஃபரின் அண்ணன் ஜோஷுவா போன மழைக்காலத்தில் இறந்துபோனான். ரோட்டில் தேங்கிய தண்ணீருக்குள் மின்கம்பி அறுந்து கிடந்தது தெரியாமல், இட்லிப் பானை கட்டிய சைக்கிளை இறக்கிவிட்டான். ஒரு இட்லிகூட விற்காத பானை, மூடி திறக்காமல் வீட்டுக்கு வந்தது.

அந்த வீட்டில் இரண்டு சட்டம் உண்டு. ஆறின இட்லியை வெளியூர்க்காரர்களுக்கு விற்கக் கூடாது. வயிறு கெட்டால், போகிற ஊரில் அவர்களைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இன்னொன்று, பானை காலியாகும்வரை விற்கிறவன் சாப்பிடக் கூடாது.

“முகம் எப்படி இருந்துச்சு அவனுக்கு?”

“வாடித்தான் இருந்துச்சு. நீங்க சாப்பிட்டீங்களாண்ணேன்னு கேட்டேன். பானை காலியாகலையேன்னு சிரிச்சார்.”

அன்னமேரி அடுப்பைத் தணித்தாள்.

“ஒனக்கு ஒரு சிரமம் குடுக்கேன் தாயி. திரும்பிப் போயி அத்தனையையும் வாங்கிரு.”

“ஆறினதையா?”

“ஆறினது, புளிச்சது, எதுவானாலும். அம்மாதான் குடுக்கச் சொன்னான்னு சொல்லு. இல்லாட்டித் தரமாட்டான், பிடிவாதக்காரன்.”

“பக்கம்தானே, வாங்கிட்டு வந்துர்றேன்,” என்று ஜுவைரியா கிளம்பினாள்.

ஜெனிஃபர் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

“சரி, நீ நெனைக்க மாதிரி அண்ணன்தான்னே வச்சுக்கிடுவோம். பானை காலியாயிட்டுன்னா பெறவு அவன் யாரையும் அனுப்ப மாட்டாம்லா?”

“மாட்டான்.”

“அதுக்குத்தான் சொல்லுதேன். இருக்கதையும் தொலைச்சிராத.”

“பிள்ள பசியோட நிக்காம்ட்டி. எனக்குச் சேதி வரணும்னு அவன அங்கனயே நிப்பாட்டி வைக்கவா?”

ஜெனிஃபர் கையை விட்டாள்.

காலை நாஷ்டா கூட்டம் கரைந்தது. அன்னமேரி சாம்பாரில் உப்புப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போட்டாள்.

ஜுவைரியா வெயில் ஏறின பிறகு வெறுங்கையோடு வந்தாள்.

“எல்லாத்தையும் வாங்கி, பாலத்தடியில இருந்தவங்களுக்குக் குடுத்துட்டேன் ஆன்ட்டி. நானும் ஒண்ணு தின்னேன். ஐஸ் மாதிரி இருந்துச்சு, ஆனா கெட்டுப்போகல.”

“அவன் என்ன சொன்னான்?”

“உங்க பேரைச் சொன்னதும்தான் மூடியைத் திறந்தார். கடைசியில பானையைக் கவுத்துக் காட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கிட்டு என்கூடத்தான் வந்தார். சந்து முக்குல, ‘நீ போ, நான் கை கழுவிட்டு வாரேன்’னார். இன்னும் வரலையா?”

கடைக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

ஜெனிஃபர் மாவுக் கரண்டியை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்காரப் போனாள்.

“அங்கன உக்காராத,” என்றாள் அன்னமேரி. இட்லிக் கொப்பரையைத் திறந்து, ஆவி பறக்க நாலு இட்லியைத் தட்டில் எடுத்து வைத்தாள். சட்னியை ஊற்றினாள்.

“அவன் சாப்ட்டுட்டுப் போட்டும்.”