நேற்றே முடிந்த கூட்டம்

1

வந்திருந்தோர்: துணைவேந்தர். பதிவாளர். புலத் தலைவர்கள் நால்வர். தொடர்பியல் பேராசிரியர். தட்டச்சு அக்கா.

கதவருகே நிற்கும் காவலாளியைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது நான். கதை அங்கே நின்றபோது கிடைத்தது. எனக்கு எப்போதும் இரவுப் பணி. பகல் ஆள் வராததால் அன்று மட்டும் நிறுத்தினார்கள்.

(முதலில் எழுதிய தொடக்கம்: 'முப்பத்தொரு ஆண்டுகள் பிறருக்குப் பேசக் கற்றுக்கொடுத்த ஒருவர், ஒரு நாள்...' பிரிவு உபசார விழா மலர் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

2

தொடர்பியல் துறையைச் சைக்கிள் கொட்டகையில் தொடங்கியவர் அந்தப் பேராசிரியர். முதல் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பாடம். மாணவர்களை இருவர் இருவராக உட்கார வைப்பார். ஒருவர் மூன்று நிமிடம் பேச வேண்டும், மற்றவர் தலையாட்டாமல் கேட்க வேண்டும்.

"தலையாட்டுறது கேக்குறது இல்லப்பா. சீக்கிரம் முடின்னு சொல்றது."

பிறகு அவரைப் பதிவாளராக்கினார்கள். ஒன்பது ஆண்டுகள். கூட்டங்கள் அனுமார் வால்போல் நீண்ட காலம் அது. அவர் விதி போட்டார்: கூட்டக் குறிப்பை முந்தைய நாளே தட்டச்சு செய்துவிட வேண்டும். வருகிறவர்கள் நுழையும்போதே கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தப் பக்கம் இல்லாத குறிப்பு செல்லாது. அதன்பின் எந்தக் கூட்டமும் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. எல்லோரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

[சொல்லிவிடுகிறேன். நானும் அந்தத் துறையில் மூன்று பருவம் படித்தவன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் வருகை குறைந்தது. மனுவோடு அவரிடம் போனேன். நிமிர்ந்து பார்க்காமல் 'விதிப்படி' என்று எழுதிக் கொடுத்தார். அதோடு படிப்பு போயிற்று. ஆகவே இவரை நான் நியாயமாக எழுதுவேன் என்று நம்ப வேண்டாம்.]

3

பதவிக்காலம் முடிந்து துறைக்கே திரும்பியிருந்தார். ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தது. அன்று நுழையும்போது, வாசலில் தாளோடு நின்ற தட்டச்சு அக்காவிடம் கேட்டார்.

"என்னம்மா, மூட்டுவலி எப்படி இருக்கு?"

"அது என்னை விட்டுட்டு எங்க சார் போகப் போகுது. இங்க ஒரு கையெழுத்து."

பழக்கதோஷம். போட்டார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் குறிப்பில் ஏழாவது பொருளை வாசித்தார். 'தொடர்பியல் துறையை இவ்வாண்டுடன் மூடுவதென ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. துறைத் தலைவர் மனமுவந்து இசைந்தார்.'

"நான் எப்ப இசைஞ்சேன்?"

"நேத்து சார்," என்றார் இப்போதைய பதிவாளர். "டைப் பண்ணும்போது."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

பேராசிரியர் எழுந்தார். பதினொரு நிமிடம் பேசினார். கொட்டகையைப் பற்றி, இந்த ஆண்டு விண்ணப்பித்திருக்கும் நாற்பது பேரைப் பற்றி, கேட்பது என்றால் என்ன என்பதைப் பற்றி. (அந்தப் பேச்சை இங்கே முழுதாகக் கொடுக்க நினைத்தேன். அவர் குரல் இல்லாமல் அது... வேண்டாம்.) வகுப்பில்கூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றார். சுற்றிலும் பார்த்தார். ஆறு பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

"அருமை சார். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு," என்றார் துணைவேந்தர். "அடுத்தது, எட்டாவது பொருள்."

"நான் சொன்னதைக் குறிப்புல சேக்கணும்."

"திருத்தம்னா மூணு நாள் முன்னாடியே எழுத்துல தரணுமே சார்," என்றார் பதிவாளர். குரலில் கேலி இல்லை, அதுதான் கொடுமை. "நீங்க போட்ட சுற்றறிக்கைதான்."

4

கூட்டம் முடிந்தது. கூட்டக் குறிப்புக் கோப்பை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். காலையில் அது மேலே போகும். போனால் துறை முடிந்தது. அதில் கையெழுத்திட்ட கடைசிப் பக்கம் குறைந்தால் அடுத்த கூட்டம்வரை எதுவும் செல்லாது. அதற்குள் அந்த நாற்பது பேரைச் சேர்த்துவிடலாம்.

"பூட்டிடுப்பா," என்று சொல்லிவிட்டுப் பதிவாளர் போனார். மற்றவர்களும் போனார்கள். பேராசிரியர் மட்டும் எழவில்லை.

(முடிவு அ: அவர் என்னை அடையாளம் கண்டு மன்னிப்புக் கேட்கிறார். எழுதினேன். நடக்கவே இல்லை. கிழித்தேன்.)

(முடிவு ஆ: கடைசிப் பக்கத்தை என்னிடமே கேட்கிறார். நான் 'விதிப்படி சார்' என்கிறேன். எழுதும்போது இனித்தது. அதனாலேயே பொய் என்று தெரிந்தது.)

நடந்ததைச் சொல்கிறேன்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாப்பா?" என்றார். அவர் முன்னால் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. அதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனேன். அவசரமில்லாமல் போனேன்.

திரும்பியபோது கோப்பு மூடியிருந்தது. அவர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தார்.

வெளியே போகிறவர் பையைத் திறந்து பார்ப்பது என் வேலை. அவரே நீட்டினார்.

"பாக்கணுமா?"

அந்தப் பையில் மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்தது என்று நீங்கள் எழுதிக்கொண்டால் துறை மூடுகிறது. ஒரு தாளும் இருந்தது என்றால் நாற்பது பேர் வருகிறார்கள். காலையில் கோப்பை எடுக்க வந்தபோது பணியில் இருந்தவன் பகல் ஆள், நான் இல்லை. அவனிடம் கேட்கவும் இல்லை.

"போங்க சார்," என்றேன்.

போனார். விளக்கை அணைத்து, அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினேன்.