அட்டையில் இருந்த பெயர்

ஆறு வருடங்களுக்கு முன் முள்ளிப்பட்டில் வீடு வீடாகப் போய் நான் என்ன கேட்டேன் என்பது இப்போது சரியாக நினைவில்லை. "யார் நெய்கிறீர்கள்?" என்று கேட்டதாகத்தான் மனம் சொல்கிறது. ஆனால் அலமாரியில் இருக்கும் படிவங்களின் முதல் வரி, "நெசவாளர் அட்டை யார் பெயரில்?" என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. மனத்தை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்ப எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

ஆரணியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். என்னோடு படித்த ஹேமநாத்தும் நானும் சேர்ந்து, பட்டு நெசவாளர்களின் உடல்வலி பற்றி ஒரு கட்டுரை எழுதினோம். நூற்று நாற்பது பேரைக் கேட்டு, தோள்வலி நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்குத்தான் என்று முடிவு சொன்னோம். ஆய்விதழில் வந்தது. பதினொரு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. இணைப் பேராசிரியர் பதவிக்கு மூன்று கட்டுரைகள் வேண்டும். என்னிடம் இருந்தவை மூன்றே. அதில் இது ஒன்று.

போன தை மாதம், அதன் தொடர்ச்சியாக இன்னொன்று எழுதலாம் என்று மறுபடி முள்ளிப்பட்டுக்குப் போனேன். பட்டியலில் பதினேழாவது பெயர் சக்கரவர்த்தி. அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி தெய்வநாயகி தறியில் இருந்தார்.

"அவரு செய்யாறு கம்பெனிக்குப் போய்கினு கீறாரு. அஞ்சரைக்கே பஸ்ஸு வந்துடும்."

"நெசவு எப்ப விட்டாருங்க?"

"புடிச்சாத்தானே விடறதுக்கு? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தத் தறியில நான்தான் குந்திகினு கீறேன்."

படிவத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். சக்கரவர்த்தி, வயது நாற்பத்தொன்று, நெசவாளர், தோள்வலி இல்லை.

"அவருக்கு இன்னாத்துக்குத் தோளு வலிக்கும்? பஸ்ல தூங்கிகினு போறவரு." சிரித்தார். "அட்டை யாரு பேர்லன்னு கேட்டீங்க. அவரு பேர்லதான் கீது. அன்னிக்கு ஞாயித்துக்கெழமை, வூட்லதான் இருந்தாரு. கூப்ட்டு வுட்டேன்."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

"என்னை நீங்க கேக்கலியே மேடம்."

வலது கையைத் தூக்கிக் காட்டினார். காதுக்கு மேல் அது ஏறவில்லை. "போன வருஷம் முகாம் போட்டாங்க. சுகர் பாத்தாங்க, கண்ணு பாத்தாங்க. தோளுக்கு டாக்டர் எங்கன்னு கேட்டா, நெசவுக்காரங்களுக்குத் தோள்ல அவ்வளவா வராதுன்னு எங்கியோ எழுதிக் கீதாம்."

எங்கே எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் மறுபடி நெய்யத் தொடங்கினார். ஒரு முழம் நெய்து முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், நூற்று நாற்பது வீட்டுக்கும் திரும்பப் போனேன். இந்த முறை தறியில் இருப்பவரைக் கேட்டேன். அட்டையில் பெயர் உள்ளவர்களில் ஐம்பத்திரண்டு பேர் தறியில் உட்கார்ந்ததே இல்லை. அந்த வீடுகளில் நெய்யும் பெண்களில் முப்பத்தொன்பது பேருக்குத் தோள்வலி.

ஹேமநாத்துக்கு போன் செய்தேன்.

"ஆறு வருஷம் ஆச்சு இளமதி. ஒருத்தரும் கேக்கல. நீயே போய் தலையைக் குடுக்கற."

"தப்பா இருக்கே."

"சரி, சரியான கணக்கோட புதுசா ஒண்ணு எழுதுவோம். பழசு அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

"பழசைப் படிக்கிறவங்களுக்குப் புதுசு இருக்கறது எப்படித் தெரியும்?"

"அப்ப என் இணையப் பக்கத்துல போட்டிருக்கற பிரதியில அந்த ஒரு வரியை மாத்திடறேன். ஜல்தியா முடிஞ்சிடும்."

"யாருக்கும் சொல்லாமலா?"

அவன் பேச்சை மாற்றி, "உன் புரமோஷன் இன்டர்வியூ எப்ப?" என்றான்.

"அடுத்த மாசம்."

"அது முடியட்டும். அப்புறம் எழுது. ஒரு மாசம்தானே, பேஜார் பண்ணாத."

அவன் கெட்டவன் இல்லை. எனக்காகத்தான் சொன்னான். மூன்று நாள் அந்த ஒரு மாதத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். பதவி கிடைத்தபின் எழுத எனக்குத் துணிச்சல் இருக்குமா என்று கேட்டுக்கொண்டேன். இருக்காது என்று தோன்றியது. நான்காம் நாள் ஆய்விதழுக்குக் கடிதம் அனுப்பினேன்.

திருத்தம் ஒன்று போட்டால் போதாதா என்று இதழின் ஆசிரியர் கேட்டார். போதாது என்று எழுதினேன். இப்போது கேட்ட பதிலை ஆறு வருடத்துக்கு முந்திய எண்ணாக வைக்க முடியாது. அன்று கேட்க வேண்டியவர்களை நான் கேட்கவே இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், காரணத்தையும் வெளியிட வேண்டும். எழுதிய இருவர் சம்மதமும் தேவை என்றார்கள். பன்னிரண்டாம் நாள் ஹேமநாத்தின் கையெழுத்து வந்தது.

ஆவணியில் அறிவிப்பு வெளியானது. கட்டுரையை இப்போதும் படிக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் அது திரும்பப் பெறப்பட்டது என்று குறுக்கே அச்சாகியிருக்கிறது. மேற்கோள் காட்டிய பதினொருவருக்கும் எழுதினேன். நால்வர் பதில் போட்டார்கள். இருவர் தங்கள் கட்டுரையைத் திருத்தினார்கள். முகாம் நடத்தியவர்களுக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. மூன்றாவது கடிதம் போன வாரம் அனுப்பினேன். எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஹேமநாத் வேலூரில் இருக்கிறான், நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சக்கரவர்த்தி செய்யாறுக்கு வேலைக்குப் போகிறார். தெய்வநாயகி வாரம் ஒருமுறை ஆரணிக்கு வந்து தோளுக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார். கை இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை, நெய்வதை நிறுத்தவும் இல்லை.