ஆறுமுகம் நிரப்பாத விளிம்பு

மறுபடியும் அவள் கணினித் திரையில் அதே இடம் சிவந்தது. தங்கையின் தொடை எலும்பு. அதன் உடைந்த விளிம்பு.

எலும்பின் உருவத்துக்குள் இடைவெளியில்லாமல் ஆறு முகமுள்ள சின்னக் கட்டைகளை அடுக்கினால்தான், பொருத்தப்போகும் தகடு எடையைத் தாங்குமா என்று கணினி கணக்குப் போடும். அடுக்கும் நிரலை எழுதியவளே அவள்தான். அலுவலகத்தில் அதற்கு ஆறுமுகம் என்று பெயர். குழாய், பல்சக்கரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடும். இந்தக் கோணல்மாணலான விளிம்பில் மட்டும் சில கட்டைகள் உள்வெளியாகப் புரண்டுகொண்டன. ஒன்றை நிமிர்த்தினால் பக்கத்திலிருப்பது கவிழ்ந்தது.

"ஓரத்துல மட்டும் நாலுமுகத் துண்டு போட்டு மூடிடலாம்மா. கணக்கு ஒண்ணும் கெட்டுப்போகாது," என்றார் பக்கத்து மேசைக்காரர். மற்றவர்களுக்கு அவளே சொல்லும் யோசனைதான்.

"இதுல ஒட்டுப்போட வேண்டாம் சார்."

வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் அவள்தான். விபத்தன்று வண்டியை ஓட்டியதும் அவள்தான். வளைவில் செல்போன் ஒளிர்ந்தபோது ஒரு கணம் குனிந்தாள். நாய் குறுக்கே வந்தது என்று அம்மாவிடம் சொன்னாள். அதற்கு நிறம்கூடச் சொன்னாள். பின்னால் உட்கார்ந்து வந்த தங்கை அப்போது மயக்கத்தில் கிடந்தாள்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தங்கையின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஆபரேஷன் திரும்பத் தள்ளிப்போச்சுக்கா. உங்க ஆபீஸ்லேருந்து ஏதோ வரலையாம். யாருன்னு பாத்துச் சொல்லேன். வலி தாங்கல."

"நான்தான் அது. பிசகில்லாம வரணும்னு பாத்தேன்."

"நான் எழுந்து நடந்தா போதும். கண்காட்சியிலயா வைக்கப்போறே?" சிரிக்கப் பார்த்தாள். கால் அசைந்ததும் முகம் சுருங்கியது.

வராந்தாவுக்கு வந்து பக்கத்து மேசைக்காரரைப் போனில் அழைத்தாள். "நீங்க சொன்ன மாதிரியே மூடி அனுப்பிடுங்க சார்."

"டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிடும்மா," என்றார். அவளுக்குக் காது சுட்டது. அந்த வேகத்திலேயே உள்ளே போனாள். நின்றால் சொல்லமாட்டாள் என்று அவளுக்கே தெரியும்.

"நாய் எதுவும் வரல. நான் போனைப் பாத்துட்டேன்."

தங்கை போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் புது விரிப்போடு வந்தாள். "அக்கா கழுத்தைக் கட்டிக்கோம்மா, கொஞ்சம் தூக்கணும்."

தங்கையின் கை எழும்பச் சற்று நேரமானது. பிறகு இரண்டு கைகளும் அவள் கழுத்தைச் சுற்றின. முகம் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. உடம்பின் முழுக் கனமும் கழுத்தில் இறங்க, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.