அளவெடுத்த பலகைகள்

இரவு அடித்த காற்றில் தெருவில் பாதிக் கடைகளுக்குக் கண்ணாடி போய்விட்டது. மருந்துக்கடையின் பெயர்ப்பலகை கழன்று பறந்து வந்து மூக்குக்கண்ணாடிக் கடையின் பெரிய ஜன்னலை உடைத்திருந்தது. காலையில் சின்னு கதவைத் திறந்தபோது அது கடைக்குள் மேசைமேல், யாரோ எடுத்து வைத்ததுபோல நிமிர்ந்து நின்றது.

சற்றுப் பின்னால் வந்த அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம கடைய மருந்துக்கடை ஆக்கிட்டாங்க பாரு."

அப்பா போன பிறகு கடையை இருவரும்தான் நடத்தினார்கள். முன்னால் அக்கா. பின்னறையில் சின்னு. லென்ஸ் தேய்ப்பது, பிரேமில் பொருத்துவது எல்லாம் சின்னு. வந்தவர்களிடம் பேசுவது, பவர் பார்ப்பது, சிரிப்பது அக்கா. யாராவது பின்னறைத் திரையை விலக்கி "இது நீங்க செஞ்சதா?" என்று கேட்டால் சின்னு தலையை மட்டும் ஆட்டுவாள்.

"வர்ற வழியில பலகைக்காரர்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள் அக்கா. "வந்து அடைச்சுட்டுப் போவார். போனும் வேலை செய்யல. இன்னைக்குக் கண்ணாடி வாங்க வர்றவங்க வீட்டுக்கு நேர்லயே போய் வர வேண்டாம்னு சொல்லிட்டு வந்துர்றேன். நீ எதுவும் பேச வேண்டாம், என்ன? அவரே பாத்துப்பார்."

எப்போதும் சொல்வதுதான். அக்கா கிளம்பியதும் சின்னு துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

தெரு முழுக்க ரம்பச் சத்தம். ஒவ்வொரு கடை வாசலிலும் யாராவது ப்ளைவுட்டைச் சாய்த்து வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். பலகைக்காரரின் வண்டி வந்தது. எதிரே ரொட்டிக்கடை அம்மா கைகாட்டியும் நிற்காமல் நேராக மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்றது.

அவர் ஜன்னல் சட்டத்தில் மிச்சமிருந்த கண்ணாடியைச் சுத்தியலால் தட்டி விழவைத்தார். பிறகு வண்டியிலிருந்து ஒரு பலகையை இறக்கி ஜன்னலில் வைத்தார். அளக்கவில்லை. அறுக்கவில்லை. பலகை போய் உட்கார்ந்துகொண்டது.

"என்னய்யா இது," எதிரிலிருந்து ரொட்டிக்கடை அம்மாவின் குரல். "எங்களுக்கெல்லாம் வரிசை, அவங்களுக்கு மட்டும் ரெடிமேடா?"

"அடுத்து உங்களுதுதான்க்கா. அஞ்சே நிமிஷம்."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்குக் கூப்பிட்டா குழந்தையப் பாக்க வர்ற ஆளு நீ!"

பலகைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். "பாப்பா, வழக்கமா உள் பக்கம் எங்க வீட்டம்மாதான் நிப்பா. இன்னைக்குப் பள்ளிக்கூடத்து ஜன்னல்ல மாட்டிக்கிட்டா. நீ கொஞ்சம் கை குடுக்கிறியா?"

வேலை எளிதுதான். வெளியே பலகை, உள்ளே குறுக்கே ஒரு கட்டை. இரண்டையும் துளைத்துக்கொண்டு போல்ட் வரும். போல்ட்டின் தலை வெளிப்பக்கம் வழவழவென்று உருண்டையாக இருக்கும். வெளியே நிற்பவன் எதைப் பிடித்தும் திருக முடியாது. நட் உள்ளே. உள்ளே இருப்பவர் ஸ்பானரால் இறுக்கினால்தான் பலகை நிற்கும். உள்ளே இருப்பவர் நினைத்தால்தான் கழற்றவும் முடியும்.

பேட்டரி டிரில் உறுமியது. மரத்தூள் சின்னுவின் கையில் உதிர்ந்தது. முதல் போல்ட் வந்தது. வாஷரைப் போட்டு நட்டைத் திருகினாள். நட் இறுக இறுகப் பலகை நெருங்கி, கடை இருண்டுகொண்டே வந்தது. சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையில் கீழ் வரிசை எழுத்துகள் முதலில் மறைந்தன. பிறகு அதற்கு மேல் வரிசை. கடைசியில் உச்சியில் இருந்த ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும் நின்றது.

சின்னு பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நகம் நுழையக்கூட இடமில்லை. அதைவிட, இடது பக்க மேல் மூலையில் பலகை சிறிதாக வெட்டப்பட்டிருந்தது. வெயில் மறைப்புக் கயிற்றைக் கட்டும் இரும்புக் கொக்கி அங்கேதான் துருத்திக்கொண்டிருக்கும். கொக்கிக்கும் இடம் விட்டு வெட்டியிருக்கிறார்கள்.

லென்ஸ் ஒன்றுகூட முதல் தடவையில் பிரேமுக்குள் போய் உட்கார்ந்ததில்லை. கொஞ்சம் கூடுதலாக வைத்து, தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். நேற்று இரவு உடைந்த ஜன்னலுக்கு இன்று காலை இப்படி ஒரு பலகை எங்கிருந்து வரும்?

அடுத்த துளை வழியாக வெளிச்சம் ஒரு குச்சிபோல உள்ளே வந்தது. முகம் தெரியாததால் கேட்க முடிந்தது.

"அண்ணே."

"சொல்லும்மா. இறுக்கிட்டியா?"

"இந்தப் பலகை எப்ப வெட்டினீங்க?"

டிரில் நின்றது. "ஏன், சரியா உக்காரலையா?"

"ரொம்பச் சரியா உக்காந்திருக்கு."

"அப்புறம் என்ன? கோணலா வந்தாலும் திட்டு, சரியா வந்தாலும் கேள்வியா? நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது, சொல்லு."

சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. போல்ட்டைத் தள்ளினார். சின்னு இறுக்கினாள்.

பிறகு அவர் இரண்டாவது பலகையைத் தூக்கி வருவதைக் கதவின் மேல்பாதியில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தாள். பக்கவாட்டுச் சிறிய ஜன்னலுக்கு அருகில் கொண்டுபோனார்.

"அது உடையலையே அண்ணே."

"உடையிறதுக்கு முன்னாடியே போட்டுட்டா நல்லதுதானே."

"யாரு போடச் சொன்னது?"

"பெரியவங்க பேசிக்குவாங்கம்மா. நீ ஸ்பானரப் பிடி."

சின்னு ஸ்பானரைப் பிடிக்கவில்லை. அவர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு மூன்றாவதை இறக்கினார். அது உயரமாக இருந்தது. நடுவில் தாழ்ப்பாளுக்குத் துளை. கதவுக்கான பலகை.

கதவில் ஒரு கீறல்கூட இல்லை. சின்னு கதவை உள்ளே தாழிட்டாள்.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். சித்தப்பாவின் ஸ்கூட்டர் நின்ற பிறகும் ஒரு முறை இருமும். இன்னும் போல்ட் போடாத ஒரு துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். சித்தப்பாவின் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

"என்னப்பா, கதவுக்கும் இன்னைக்கே போட்டுர்றியா?" என்றார் சித்தப்பா.

"கொண்டு வந்துட்டேன். ஆனா உள்ள பாப்பா ஒத்துழைக்க மாட்டேங்குது."

கட்டிடத்தில் பாதி சித்தப்பாவுக்கு. மீதிப் பாதி அவளுக்கும் அக்காவுக்கும். போன மாதம் சித்தப்பா மகனோடு வந்து கடைக்குள் சும்மா நடந்தார். உடற்பயிற்சிக்கூடம் தொடங்க இடம் தேடிக்கொண்டிருக்கும் மகன், இரண்டு கைகளையும் சுவரில் விரித்து வைத்து, "இங்க பெருசா ஒரு கண்ணாடி வச்சிரலாம்ப்பா," என்றான். கடைமேல் அக்கறையில் சொல்கிறான் என்று சின்னு அன்று நினைத்தாள். அவன் போன பிறகு அந்தச் சுவரைத் துடைத்துக்கூட வைத்தாள்.

"சின்னு, கதவத் திறம்மா."

"கதவு உடையல, சித்தப்பா."

"தெரியும்மா."

"அப்ப எதுக்குக் கதவுக்குப் பலகை?"

"அதான் பேசியாச்சே."

"யாரு பேசினா?"

"விளையாடாத சின்னு. வெயில் ஏறுது."

"நான் திறக்க மாட்டேன்."

அவள் குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. எதிரே ரொட்டிக்கடை அம்மா, "இப்படி ஒரு குரல் அந்தப் பிள்ளைக்கு இருக்குதா?" என்று யாரிடமோ கேட்டாள்.

கடையை மூடப் பார்க்கிறார் என்பது தெளிவாகிவிட்டது. காற்று அடித்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. கதவிலும் பலகை ஏறிவிட்டால், அப்புறம் அது பூட்டிய கட்டிடம்தான். அக்கா வரட்டும். அக்கா வந்து இரண்டு கேள்வி கேட்டால் சித்தப்பா ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

அக்கா வந்தாள். செருப்புச் சத்தம் வேகமாக வந்து வாசலில் நின்றது. துளையில் அவள் கைப்பை தெரிந்தது.

"இத ஏன் இப்பவே கொண்டு வந்தீங்க?" அக்கா பலகைக்காரரிடம் கேட்டாள். "ஜன்னலுக்கு மட்டும்தானே போடச் சொன்னேன்?"

"எல்லாமே வெட்டி ரெடியாத்தானேம்மா இருந்துச்சு. மாசக் கடைசியில மறுபடி ஒரு தடவ வண்டிய எடுக்கணுமேன்னு ஒரேயடியா ஏத்திட்டு வந்தேன். தப்பா?"

"ஐயோ, மெதுவா பேசுங்க."

"கடைய விட்டுக் குடுக்க சின்னுவும் சம்மதிச்சுட்டான்னு சொன்னியேம்மா?" என்றார் சித்தப்பா. "உள்ள நின்னுக்கிட்டு என்னைய திருடன் மாதிரி கேள்வி கேக்குறா."

துளையில் அக்காவின் விரல்கள் கைப்பையின் வாரைத் திருகின.

சின்னு துளையிலிருந்து முகத்தை எடுத்தாள். கொக்கி. தினமும் காலையில் அந்தக் கயிற்றைக் கட்டுவது அக்காதான். கொக்கி இருக்கிறது, இடம் விட்டு வெட்டுங்கள் என்று சொல்ல வேறு யாருக்குத் தோன்றும்?

பலகைக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, "நான் ரொட்டிக்கடையப் பாத்துட்டு வர்றேன்," என்று நழுவினார். சித்தப்பா ஸ்கூட்டர் பக்கம் நகர்ந்தார். துளையில் வெளிச்சம் மறைந்தது. அக்கா அருகில் வந்துவிட்டாள்.

"சின்னு."

"எப்ப அளவெடுத்தாங்க?"

"நீ லென்ஸ் வாங்கப் போன அன்னைக்கு."

"எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்த?"

"இந்த வாரம் சொல்லணும்னுதான் இருந்தேன். போன வாரமும் அப்படித்தான் நினைச்சேன்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "மாமாவுக்கு வெளியூருக்கு மாத்தலாகி எவ்வளவு நாளாச்சு, யோசிச்சுப் பாரு. சனிக்கிழமை பஸ் ஏறி, ஞாயித்துக்கிழமை திரும்பி... புருஷன் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி போயிட்டு வர்றேன். அவர் டம்ளர எங்க வைக்கிறார்னு எனக்குத் தெரியல."

"போக வேண்டியதுதானே. நான் வேண்டாம்னு சொன்னேனா?"

"நீ எதைத்தான் சொல்லியிருக்க? நான் போயிட்டா முன்னாடி யாரு நிப்பா? அன்னைக்கு ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்னு உன்ன விட்டுட்டுப் போனேன். நீ என்ன பண்ண? கதவச் சாத்திட்டு உள்ள லென்ஸ் தேய்ச்சுக்கிட்டு இருந்த. வந்தவங்க தட்டிட்டுத் தட்டிட்டுப் போயிட்டாங்க."

சின்னு கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினாள்.

"லென்ஸ் கம்பெனியில உனக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்," என்றாள் அக்கா. குரல் மென்மையாகிவிட்டது. "அங்க யார்கிட்டயும் நீ பேசவே வேண்டாம். அதுக்குத்தான் அங்க பாத்தேன்."

அந்த மென்மையைத்தான் சின்னுவால் தாங்க முடியவில்லை. இருட்டில் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாளாக அக்கா அவளுக்காகப் பேசி, அவளுக்காகச் சிரித்து, கடைசியில் அவளுக்காகச் சம்மதமும் சொல்லியிருக்கிறாள். காலையில் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சிரித்தபோதும் இதெல்லாம் அவள் மனதில் இருந்திருக்கும். அதற்கு முந்தைய நாள் சிரித்தபோதும்.

வெளியே புதிதாக ஒரு ஆண் குரல். "என்னங்க இது? கடைய இழுத்து மூடிட்டீங்களா? மதியம் எனக்கு டூட்டி இருக்கே!"

பஸ் டிரைவர். இன்று கண்ணாடி வாங்க வர வேண்டியவர்களில் ஒருவர். அக்கா தேடிப் போனபோது வீட்டில் இல்லை போலும்.

"ஆமாப்பா, மூடியாச்சு," என்றார் சித்தப்பா ஸ்கூட்டரிலிருந்து.

"அதெப்படி? பழைய கண்ணாடியில எனக்குப் பஸ் நிறுத்தமே தெரிய மாட்டேங்குது. நேத்து ஒரு மாட்டுக்கு வண்டிய நிறுத்தி ஏறுங்கன்னு சொல்லியிருக்கேன்!"

அக்கா அவர் பக்கம் திரும்புவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. பதில் சொல்லப்போகிறாள். எப்போதும் போல.

சின்னு தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள். வெயிலில் கண் கூசியது. வாசலில் நின்ற மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் டிரைவரின் சட்டைக் காலரைப் பார்த்துச் சொன்னாள்.

"மூடல. உள்ள வாங்க."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. டிரைவருக்கு அது போதுமாக இருந்தது. வாசலோரம் சாய்ந்திருந்த கதவுப் பலகையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். திறந்த கதவின் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டாள். பின்னறையிலிருந்து அவருடைய கண்ணாடியை எடுத்து வந்தாள். மாட்டிவிட்டாள். கண்ணாடியின் ஒரு கால் அவர் காதில் இடித்தது.

"நீங்களா போட்டு விடுறீங்க? வழக்கமா அக்காதானே பாப்பாங்க?"

வாசலில் அக்காவின் நிழல் விழுந்திருந்தது. உள்ளே வரவில்லை. வெளியேயும் போகவில்லை.

"அக்கா மாமா ஊருக்குப் போறாங்க," என்றாள் சின்னு. வாசலுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள். "இனிமே நான்தான்."

"அப்படியா? சரி சரி. காதுக்குப் பின்னாடி கடிக்குதும்மா."

மின்சாரம் இல்லை, பிரேமைச் சூடாக்க வழியில்லை. கண்ணாடியின் காலை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தாள். கொஞ்சம் வளைந்தது. மறுபடி மாட்டிவிட்டாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

டிரைவர் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். "அடேயப்பா. இந்த ஸ்கூட்டர்க்காரர் நம்பர் பிளேட்ட கழுவவே மாட்டாரா?"

சித்தப்பா ஸ்கூட்டரை உதைத்தார். அது இருமிவிட்டுக் கிளம்பியது. போகும்போது அக்காவிடம், "முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க," என்றார்.

ரொட்டிக்கடையிலிருந்து பலகைக்காரர் எட்டிப் பார்த்தார். "அப்ப இந்தக் கதவுப் பலகைய என்ன பண்றது? இந்த அளவுக்கு ஊர்ல வேற கதவே கிடையாதே!"

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் சின்னு.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சின்னுவைப் பார்த்தாள். சின்னு டிரைவரின் பழைய கண்ணாடியை உறையில் வைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டியில் ஏற்றப் பலகையின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினாள்.