வண்டி ராத்திரி எங்கன நிக்கும்?

கார் வாங்கியதில் பௌசியாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போன அன்றுதான் தலைவலி ஆரம்பித்தது.

அவள் கோவில்பட்டியில் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்களையும் இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்களையும் வீடு தேடிப் போய் நடக்கப் பழக்குவாள். ஒரு நாள் இடைசெவல், ஒரு நாள் கழுகுமலை, இன்னொரு நாள் விளாத்திகுளம். ஸ்கூட்டியிலேயே வெயிலில் அலைந்து அலைந்து அவள் இடுப்புக்கே யாராவது வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற நிலைமை வந்தபோது, சென்னையில் இருக்கும் தம்பி தன் பழைய காரை அவளுக்குக் கொடுத்துவிட்டான். பெயர் மாற்றியாயிற்று, விலாசம் மாற்றியாயிற்று. இன்சூரன்ஸ் மட்டும்தான் பாக்கி.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் ஏஜென்ட் செல்வகணேஷ் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, இது சென்னை நம்பர். பெரிய நகரத்து வண்டிக்கு ரேட்டு கூட."

"வண்டி இங்கனதான தம்பி நிக்குது? சென்னைய அது கண்ணால பாத்தே மாசக்கணக்காச்சு."

"நிக்கிறது இங்கனதான். பதிஞ்சது அங்கனல்லா? கம்ப்யூட்டர் நம்பரத்தான் பாக்கும்."

"நல்லாருக்கே! சென்னைல பொறந்த புள்ளைக்குக் கோயில்பட்டியில காய்ச்சல் வந்தா, மருந்து குடுக்க சென்னைக்குத்தான் தூக்கிட்டுப் போவியளா?"

செல்வகணேஷ் சிரித்தான். அவன் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? "இந்தக் கம்பெனியில இன்னொரு கேள்வி கேக்காவக்கா. அதுல கொஞ்சம் கொறைக்கலாம். வண்டி ராத்திரி எங்கன நிக்கும்? தெருவா, வெட்டவெளியா, கூரை போட்ட ஷெட்டா? ஷெட்டுன்னா தள்ளுபடி உண்டு."

பௌசியாவின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது. ஆட்டோ நுழைந்தாலே இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்க வேண்டும். கார் சந்து முனையில்தான் நிற்கும். அதுவும் யார் வீட்டு வாசலில் என்பது அன்றன்றைய சண்டையைப் பொறுத்தது.

"ஷெட்டுன்னே போட்டிரு," என்றார் அன்று ராத்திரி வீட்டில் அவள் கணவர் சபியுல்லா. பாத்ரூம் குழாய், டைல்ஸ் விற்கிற கடைக்காரர் அவர். "எவன் வந்து டார்ச் அடிச்சுப் பாக்கப் போறான்?"

"பொய் சொல்லி மாட்டுனா யாரு பதில் சொல்லுதது? விளாத்திகுளத்துல என்கிட்ட வைத்தியம் பாக்குற மனுசன், இருந்த சர்க்கரை வியாதிய இல்லைன்னு இன்சூரன்ஸ்ல எழுதிக் குடுத்துட்டு, ஆபரேஷனுக்கு ஒத்தப் பைசா வாங்க முடியாமக் கெடக்காரு. எனக்கு அந்த வம்பு வேண்டாம். நெசமாவே ஒரு ஷெட்டப் பிடிக்கேன்."

சொல்வது எளிதாக இருந்தது. கல்யாண மண்டபத்துக்காரர் தாராளமாக நிறுத்தச் சொன்னார், முகூர்த்த நாள் தவிர. ஆவணியில் முகூர்த்தமில்லாத நாளைத்தான் தேட வேண்டியிருந்தது. தெரிந்தவர் ஒருவரின் தீப்பெட்டி குடோனில் கேட்டதற்கு, "ஏம்மா, மருந்துக் குச்சி அடுக்கியிருக்க எடத்துல பெட்ரோல் வண்டியவா விடச் சொல்லுதிய?" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அது நியாயம்தான். ஜமாஅத் செயலாளர் மைதீன் அண்ணாச்சி ஆம்புலன்ஸ் ஷெட்டில் இடம் தருவதாகச் சொல்லி, டேப்பு வைத்து அளந்தும் பார்த்தார். இவள் கார் உள்ளே வந்தால் ஆம்புலன்ஸ் வெளியே போக முடியாது.

கடைசியில் கை கொடுத்தது வெள்ளைத்தாய். பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஆடு வளர்க்கிற குடும்பம். அவள் கணவர் பெருமாள்சாமிக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. பௌசியா வாரம் மூன்று நாள் அங்கே போவாள். கை பிடித்தால் நாலடி நடப்பார். விட்டால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "எங்க போகணும்னு நடக்கச் சொல்லுதிய?" என்பார்.

"எங்க ஆட்டுக் கொட்டகை சும்மாதான கெடக்கு, டாக்டரம்மா," என்றாள் வெள்ளைத்தாய். "ஆடெல்லாம் ராவும் பகலும் காட்டுல கிடையில கெடக்கு. தகரக் கூரை, மூணு பக்கம் செவரு. கொண்டாந்து நிப்பாட்டுங்க. வாடகை கீடகைன்னு பேசுனிய, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

பௌசியா கொட்டகையைக் கழுவிவிட்டுக் காரை நிறுத்தினாள். போட்டோ எடுத்து செல்வகணேஷுக்கு அனுப்பினாள். தள்ளுபடி கிடைத்தது. தினமும் காலையில் சபியுல்லா அவளை பைக்கில் கொண்டுவந்து விட வேண்டும், சாயங்காலம் வந்து கூட்டிப் போக வேண்டும். "காருக்குப் போறதுக்கு ஒரு பைக்கு. பைக்குக்கு ஒரு டிரைவர்," என்று அவர் வழி நெடுகப் புலம்புவார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் காடு களியாகி, கிடை போட வழியில்லாமல் ஆடுகள் ஒரு சாயங்காலம் கூட்டமாகக் கொட்டகைக்குத் திரும்பின.

மறுநாள் காலை பௌசியா வந்து பார்த்தபோது செம்மறிகள் சுவரோரம் ஒழுங்காகப் படுத்திருந்தன. வெள்ளாடுகள் காரின் மேல் இருந்தன. பானட்டில் மூன்று. கூரையில் தாடி வைத்த கிடா ஒன்று, தன் வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டது போல அவளைப் பார்த்தது. வைப்பர் ரப்பரை ஒரு குட்டி மென்றுகொண்டிருந்தது. பானட்டும் கூரையும் நசுங்கிய ஈயச் சட்டி மாதிரி பள்ளம் பள்ளமாகக் கிடந்தன. பக்கவாட்டில் கொம்பு கீறிய கோடுகள்.

"அடப் பாவி முண்டைகளா!" என்று வெள்ளைத்தாய் கம்போடு ஓடி வந்தாள். "சாயந்தரம் நீங்க விட்ட சூடு இஞ்சின்ல இருந்திருக்கும்மா. குளிருக்கு ஏறிப் படுத்திருச்சுக."

பௌசியா இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தாள். பாட்டு ஓடியது. ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்றது. பிறகு ஒரு பெண் குரல்.

"உங்கள் வாகனத்தின் மீது மோதியது எது மேடம்?"

"ஆடு."

"ஆட்டோவா மேடம்? அந்த ஆட்டோவின் பதிவு எண் சொல்ல முடியுமா?"

"ஆட்டோ இல்லம்மா. ஆடு. மே மேன்னு கத்தும்லா, அது."

"ஓடிக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்ததா மேடம்?"

"வண்டி ஓடல. ஆடுதான் ஓடுச்சு. வண்டி மேல."

மறுபடி பாட்டுப் போட்டார்கள்.

அந்த வார முடிவில் சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வன்னியபெருமாள் வந்தார். காலில் ஒட்டிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"கார் ஷெட்டுக்குள்ள ஆடு வந்துச்சுன்னு சொல்றீங்க. எனக்கென்னவோ ஆட்டுக் கொட்டகைக்குள்ள காரு வந்த மாதிரி தெரியுது."

"கூரை இருக்கா இல்லியா? அதத்தான சார் கேட்டிய? நான் பொய் சொல்லல."

"கூரை இருக்கு. ஆனா கதவு இல்ல. கதவு, பூட்டு இருந்தாத்தான் எங்க கணக்குல ஷெட்டு."

"அத முன்னாலயே ஒரு வார்த்த எழுதிருக்கலாம்லா?" பௌசியாவின் குரல் உயர்ந்தது. "போட்டோ கேட்டிய, அனுப்புனேன். பாத்துட்டுத்தான தள்ளுபடி குடுத்திய? அன்னைக்குத் தெரியாத கதவு இன்னைக்குத்தான் தெரியுதா?"

அவர் பதில் சொல்லும் முன் பின்னாலிருந்து ஒரு அதட்டல் கேட்டது. "ஏலே, எறங்கு!"

எல்லோரும் திரும்பினார்கள். தாடிக்கார கிடா மறுபடி பானட்டில் முன்னங்கால் வைத்திருந்தது. கட்டிலிலிருந்து எழுந்த பெருமாள்சாமி, கையில் கம்போடு, இடது காலை இழுத்து இழுத்து வாசலைக் கடந்து வந்துகொண்டிருந்தார். யாரும் பிடிக்கவில்லை. கிடாவின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு காரில் சாய்ந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"நம்மள நம்பி விட்ட வண்டி," என்றார் சர்வேயரைப் பார்த்து. "எங்க மேலதான் தப்பு. இனிமே நான் பாத்துக்கிடுதேன்."

வெள்ளைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை மாதமாக எத்தனை கெஞ்சியும் நடக்காத காரியம் ஒரு கிடாவால் நடந்ததை நினைத்தபோது பௌசியாவுக்குச் சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்றே தெரியவில்லை. "கால மடக்காம ஊனி நில்லுங்க அண்ணாச்சி!" என்று அதட்ட மட்டும் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து செல்வகணேஷ் விஷயத்தை உடைத்துச் சொன்னான். பணம் தருவார்கள். ஆனால் தேய்மானம் என்று ஒரு பகுதியைக் கழிப்பார்கள். இதுவரை க்ளெய்ம் வாங்காததற்கான சலுகை அடுத்த வருஷம் போய்விடும். ஷெட்டு இல்லை என்று ஆனதால் தள்ளுபடியையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

"மொத்தத்துல வாங்காம இருக்கதுதான்க்கா லாபம்."

"அப்ப எதுக்குத் தம்பி இன்சூரன்ஸ்?"

"பெருசா ஏதாவது நடந்தாத்தான்."

"இதுக்கும் பெருசா நான் வேற என்னத்தத் தேடிப் போக?" அவள் மேஜையில் கையை ஊன்றி எழுந்தாள். "க்ளெய்ம்ம ரத்து பண்ணு. வெட்டவெளின்னு மாத்திப் போடு. தள்ளுபடியத் திருப்பிக் கட்டுதேன். உள்ளதச் சொல்லிக் கூடக் கட்டுனாலும் நிம்மதியாத் தூங்குவேன்."

டிங்கர் கடையில் பள்ளங்களைத் தட்டி எடுத்தார்கள். ஒரு குட்டியை விற்றுச் செலவைக் கொடுப்பதாக வெள்ளைத்தாய் சொன்னதற்கு, "அந்தப் பேச்ச எடுத்திய, நான் வைத்தியத்துக்கே வர மாட்டேன்," என்று பௌசியா முடித்துவிட்டாள். கொட்டகையின் குறுக்கே கம்பிவலை கட்டி ஒரு பாதியைக் காருக்கு ஒதுக்கினார்கள். வலை சரியாக இருக்கிறதா என்று பெருமாள்சாமி காலையும் மாலையும் நடந்து போய்ப் பார்த்தார்.

"எங்க நிறுத்துனாலும் ரேட்டு ஒண்ணுதான்னு ஆயிருச்சே. இனி சந்து முனையிலயே விடலாம்ல?" என்று சபியுல்லா ஆசையாகக் கேட்டார்.

"அந்த மனுசன் ஒழுங்கா நடக்குற வரைக்கும் வண்டி அங்கனதான் நிக்கும்."

"அது எப்ப?"

"தெரியாது. பைக்க எடுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு பைக்கை உதைத்தார். அன்று கழுகுமலைக்குப் போக வேண்டியிருந்தது. காருக்குள் ஆட்டு வாடை குப்பென்று அடித்தது. பௌசியா நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வண்டியை ரோட்டில் ஏற்றினாள்.